கஞ்சியும் கூலியும்: பக்கிங்காம் பிரபுவின் பஞ்ச நிர்வாகம்

வடசென்னையை நெடுக்கக் கிழித்துக்கொண்டு எண்ணூர்க் கழிமுகம் வரை போகும் கால்வாய், 1875 முதல் 1880 வரை மதராஸ் மாகாணத்தின் கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. பஞ்சத்தில் பட்டினி கிடந்த மக்களுக்கு வேலை கொடுப்பதற்காக அவர் வெட்டிய கால்வாய் என்று பலரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. கருப்பர் நகரத்திலிருந்து எண்ணூர் வரையிலான வடக்குப் பகுதி பேசில் காக்ரேன் என்ற வணிகர் 1801இல் தொடங்கி 1806க்குள் வெட்டி முடித்தது. 1837இல் அரசு அதை எடுத்துக்கொண்டு பிறகு வடக்கே நீட்டியது. பஞ்சத்து ஜனங்கள் வெட்டியது கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே ஏறத்தாழ 8 கிலோமீட்டர். அந்தத் துண்டு 1877–78இல் முடிந்ததும் முழுக் கால்வாய்க்கும் கவர்னரின் பெயர் வந்துவிட்டது.

அந்த 8 கிலோமீட்டரை எப்படி வெட்டினார்கள், வெட்டியவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால்தான் பக்கிங்காமின் ஆட்சியை எடைபோட முடியும்.

1876இல் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பொய்த்தன. இன்றும் கிராமங்களில் தாது வருஷப் பஞ்சம் என்று பேசப்படுவது இதுதான். பக்கிங்காம் அனுபவமில்லாத பிரபு அல்ல. லண்டன் அண்டு நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் தலைவராகவும் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சராகவும் இருந்தவர். அப்பா திவாலாக்கிவிட்டுப் போன குடும்பத்தின் கடனை அடைத்தவர். பஞ்சம் தலைகாட்டியதும் அவருடைய அரசு 30,000 டன் தானியத்தைத் தானே வாங்கியது. இந்திய அரசுக்கு அது பிடிக்கவில்லை. சந்தையில் அரசு கை வைத்தால் வியாபாரிகள் ஒதுங்கிவிடுவார்கள் என்பது வைஸ்ராய் லிட்டனின் கொள்கை. ஆனால் 1873–74இல் பீகாரில் சர் ரிச்சர்டு டெம்பிள் பர்மா அரிசியை இறக்குமதி செய்து சாவை வெகுவாகத் தடுத்திருந்தார். அதற்காகப் பாராட்டு வரவில்லை; வீண் செலவு செய்தார் என்ற பழிதான் வந்தது. மதராஸ் அரசின் தானியக் கொள்முதல்தான் பக்கிங்காம் ஆட்சியின் ஆகச் சிறந்த முடிவு. அது தொடராமல் போனது பெரும் இழப்பு.

சென்னைக் கடற்கரையில் தானியம் வராமலும் இல்லை. துறைமுகத்துக்கு 1875 டிசம்பரில்தான் அடிக்கல் நாட்டப்பட்டிருந்தது. கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, மசூலா படகுக்காரர்கள் அலையைத் தாண்டி மூட்டைகளைக் கரை சேர்த்தார்கள். மூட்டைகள் மணலில் மலையாகக் குவிந்தன. ராயபுரத்திலிருந்து 1856 முதல் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ரயில் தானியத்தைப் பசி இருந்த இடத்துக்கு அல்ல, விலை இருந்த இடத்துக்குத்தான் கொண்டுபோனது. விளைச்சல் இல்லாததால் வேலை இல்லை, வேலை இல்லாததால் கூலி இல்லை. கூலி இல்லாதவனுக்கு மூட்டை பக்கத்தில் இருந்தாலும் ஒன்றுதான், பர்மாவில் இருந்தாலும் ஒன்றுதான்.

ஆகவே நிவாரண வேலை என்ற ஏற்பாட்டை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. அது ஏழையின் கையில் வாங்கும் சக்தியைக் கொடுத்தது. ஊருக்கும் ஒரு சொத்து மிஞ்சியது. ஆனால் அந்தக் கூலியின் அளவு!

1877 ஜனவரியில் லிட்டன் அதே டெம்பிளை மதராஸுக்கு அனுப்பினார். பீகாரில் பழி சுமந்தவர் இம்முறை சிக்கனத்தின் தூதராக வந்தார். ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடவே ஓரணா. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. நாள் முழுக்க மண் சுமப்பவருக்கான படி இது. மாகாணச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும், அதோடு காய்கறியும் பருப்பும் வேண்டும் என்று வாதாடினார். மார்ச்சில் மதராஸ் அரசு பாதி வழி இறங்கிவந்தது: ஒன்றேகால் பவுண்டு தானியமும் கொஞ்சம் பருப்பும். பக்கிங்காமின் பலமும் பலவீனமும் இந்த ஒரே முடிவில் தெரிகின்றன. டாக்டர் சொல்வது நியாயம் என்று அவருக்குப் புரிந்தது. ஆனால் மேலிடத்தை முழுக்க மீறவும் அவர் துணியவில்லை. இடையில் போன வாரங்களில் மெலிந்தவர்கள் மேலும் மெலிந்தார்கள்.

வேலையை வைத்து ஏழ்மையைச் சோதிப்பதில் உள்ள அடிப்படைக் கோளாறு இதுதான். உழைக்கத் தெம்புள்ளவருக்கு அது உதவும். தெம்பு போன பிறகு வந்து சேர்கிறவரை அது கொல்லும். ராயபுரம் பக்கத்து மக்களுக்கு வேறொரு முறையும் தெரிந்திருந்தது. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தோன்றிய மணியக்காரர் சத்திரம் அங்கேதான் இருக்கிறது. பக்கத்திலுள்ள ஸ்டான்லி மருத்துவமனையைப் பழைய ஆட்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்கிறார்கள். கஞ்சித்தொட்டி யாரையும் மண் சுமக்கச் சொல்லவில்லை.

1877 ஆகஸ்ட் 4 அன்று சென்னையில் பக்கிங்காம் தலைமையில் ஒரு பொதுக்கூட்டம் நடந்தது. லண்டன் மேயருக்கு உதவி கேட்டு முறையீடு போனது. லிட்டனுக்கு எரிச்சல், ஆனால் பணம் பெருமளவில் வந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. பஞ்சத்தில் மாண்டவர்கள் குறித்த மதிப்பீடுகள் இந்தியா முழுமைக்கும் 55 லட்சத்தில் தொடங்கி 80 லட்சத்தைத் தாண்டுகின்றன.

இந்த அழிவிலிருந்து 1880இல் பஞ்சக் கமிஷன் அறிக்கையும் 1883இல் பஞ்ச விதித்தொகுப்பும் பிறந்தன. 2005இல் சட்டமான நூறு நாள் வேலையின் மூதாதைகளில் அந்த விதிகளும் உண்டு. கூலியைச் சட்டத்தால் உறுதி செய்ததும், கேட்பவரை உரிமையுள்ளவராகப் பார்த்ததும் பெரிய முன்னேற்றம்.

படகு ஓடிய கால்வாயோ 1965, 66 புயல்களுக்குப் பிறகு தேறவேயில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய் இதே கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. வலை இழந்த, படகு கறுத்த மீனவர்களே அதை அள்ளும் வேலைக்கு வந்தார்கள். தொடக்க நாட்களில் பலரிடம் கையுறைகூட இல்லை. குவளையாலும் வாளியாலும் அள்ளினார்கள். பாதிக்கப்பட்டவரையே கூலியாளாக்கும்போது அவர் உடம்புக்கு என்ன தேவை என்பதை யார் முடிவு செய்வது என்று கார்னிஷ் 1877இல் எழுப்பிய கேள்வி எண்ணூரில் அப்படியே நிற்கிறது.