ஆவண நாடகமும் நுழைவுச்சீட்டும்

நாடக விமரிசனம் எழுதுவோர் நுழைவுச்சீட்டின் விலையைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை. அது முகாமையாளரின் கணக்கேட்டுக்குரிய விடயம் என்றும், திரை விலகிய பின்னர் நிகழ்வது மாத்திரமே கலைக்குரியது என்றும் கருதுவது வழக்கமாகிவிட்டது. சேக்ஸ்பியரின் துன்பியல் நாடகமொன்றைப் பொறுத்தவரை இக்கருத்து ஓரளவு பொருந்தக்கூடும். ஆயின் நடந்த சம்பவங்களையும் பதிவேடுகளையும் ஆதாரமாகக் கொண்டு, நாட்டு மக்கள் அறிந்தே ஆகவேண்டியதைச் சொல்ல வந்ததாகக் கூறிக்கொண்டு மேடையேறும் நாடகத்துக்கு அது பொருந்துமா? அத்தகைய நாடகம் யாரை முன்னிலைப்படுத்திப் பேசுகின்றது என்பதை எழுத்துப் பிரதி மட்டும் தீர்மானித்துவிடுவதில்லை. சீட்டு விற்கும் சாளரத்துக்கும் அதிற் பங்குண்டு. 2025ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் நியூயோர்க் நகர நாடக இரசிகரிடையே எழுந்த ஒரு விவாதம் இதனைத் தெளிவாக்குகின்றது.

விவாதத்துக்குக் காரணமான நாடகம் ‘குட் நைற், அன்ட் குட் லக்’. ஜோர்ஜ் குளூனி, கிறான்ற் ஹெஸ்லோவ் ஆகிய இருவரும் தமது 2005ஆம் ஆண்டுத் திரைப்படத்தை மேடைக்கென மாற்றி எழுதியது. டேவிட் குரோமரின் நெறியாள்கையில், புரோட்வேயின் வின்ரர் கார்டன் அரங்கில், ஏப்ரல் 3ஆந் திகதி முறைப்படி தொடங்கிற்று. சீ.பி.எஸ். தொலைக்காட்சியின் செய்தியாளரான எட்வேட் மரோ, கொமியூனிஸ்ட் வேட்டையால் நாட்டையே அச்சுறுத்திய செனற்றர் ஜோசப் மக்கார்தியை எதிர்த்து நின்ற வரலாறே அதன் பொருள். மரோ ஒவ்வோர் ஒலிபரப்பின் முடிவிலும் கூறி விடைபெற்ற வாசகமே நாடகத்தின் பெயராயிற்று. திரைப்படத்தில் மரோவின் தயாரிப்பாளரான பிரெட் பிரென்ட்லியாகத் தோன்றிய குளூனி, புரோட்வேயில் முதன்முறையாக மேடையேறி மரோவாகவே நடித்தார்.

நாடகம் வாரமொன்றில் 40 இலட்சம் டொலருக்கு மேல் வசூலித்தது. புரோட்வேயில் இசை நாடகமல்லாத எதுவும் அதற்கு முன் அத்தொகையை எட்டியதில்லை. சிறந்த இருக்கைகளின் விலை 800 டொலரைத் தாண்டிற்று. 1500க்குச் சற்று மேற்பட்ட இருக்கைகளைக் கொண்ட அரங்கில், வாரத்துக்கு எட்டுக் காட்சிகள் என்று கணக்கிட்டால், ஒரு சீட்டின் சராசரி விலை 300 டொலருக்குக் குறையாது. அந்நகரின் அவ்வாண்டுக் குறைந்தபட்ச மணிக்கூலி 16.50 டொலர். ஓட்டலிற் பாத்திரம் கழுவும் ஒருவர் பதினெட்டு மணி நேரம் உழைத்து, வாடகைக்கும் உணவுக்கும் எதையும் ஒதுக்காது விட்டாற்றான் அரங்கினுள் ஓர் இருக்கையைப் பெறலாம் என்பது இதன் பொருள்.

இரசிகரிடையே எழுந்த வாதங்கள் எதிர்பார்க்கத்தக்கனவே. புகழ்பெற்ற நடிகரை நேரிற் காண மக்கள் கொடுக்கச் சித்தமாயிருக்கும் தொகைதான் விலை என்றனர் ஒரு சாரார். சீட்டை மலிவாக விற்றால் அது இடைத்தரகரின் கைக்குப் போய், மிகுதி இலாபம் கலைஞருக்குச் சேராது தெருவிற் போகும் என்பது அவர்களது துணை வாதம். இது முற்றிலும் பொய்யன்று. மறு சாரார், பத்திரிகைச் சுதந்திரத்தைப் பற்றிய நாடகத்தைச் செல்வருக்கு மட்டும் காட்டுவது கபடம் என்றனர். ஈற்றில் இரு சாராரும் குளூனி பேராசைக்காரரா, தாராள மனத்தினரா என்று ஆராயத் தலைப்பட்டதும் விவாதம் பயனற்றதாகிவிட்டது. தனிமனிதரின் குணத்தை அளப்பது நாடக விமரிசனத்தின் வேலையன்று. இவ்விலை அந்நாடகத்தின் உள்ளே என்ன செய்தது என்பதே கேட்கப்படவேண்டிய வினா.

அதனை அறிய 1954 மார்ச் 9ஆந் திகதி இரவுக்குச் செல்லவேண்டும். அன்று மரோவின் ‘சீ இற் நவ்’ நிகழ்ச்சி அரை மணி நேரத்தை மக்கார்திக்கென ஒதுக்கியது. அவருடைய பேச்சுகளையும் விசாரணைகளையும் படச்சுருள்களிலிருந்து தொகுத்து, அவரது வாயாலேயே அவரை வெளிப்படுத்தியது. நிகழ்ச்சியை விளம்பரப்படுத்த நிறுவனம் முன்வரவில்லை. மரோவும் பிரென்ட்லியும் தமது சொந்தப் பணத்தில் 1500 டொலர் கொடுத்துப் பத்திரிகை விளம்பரம் செய்தனர். அக்காலத்தில் அமெரிக்க வீடுகளுட் பாதிக்குச் சற்று மேற்பட்டவற்றிலேயே தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. எனினும் பெட்டி வாங்கியவர் எவரும் அந்த அரை மணி நேரத்துக்கெனத் தனியே சதமும் கொடுக்கவில்லை. மக்கார்தியை நம்பியவரும் வெறுத்தவரும் அவரைப் பற்றி எதுவும் அறியாதவரும் ஒரே வேளையில் அதைக் கண்டனர். அந்நிகழ்ச்சியின் வலிமையில் ஒரு பகுதி மரோவின் சொற்களில் இருந்தது. மறு பகுதி இந்தக் கலப்பில் இருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 2ஆந் திகதி செனற் சபை மக்கார்தியைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று. அதற்கு மரோ ஒருவரே காரணர் என்பது மிகை. படைத்துறை தொடர்பான விசாரணைகள் அவ்வாண்டு வேனிலில் தொலைக்காட்சியிற் காட்டப்பட்டமையும் பெருங்காரணமாகும்.

மேடை நாடகம் இவ்வரலாற்றை நேர்மையாகவே கையாண்டுள்ளது. மக்கார்தியாக எவரும் நடிக்கவில்லை. அவர் பழைய படச்சுருள்களில் மட்டுமே தோன்றுகின்றார். திரைப்படத்தின் முன்னோட்டக் காட்சிகளில், மக்கார்தியாக நடித்தவரின் நடிப்பு மிதமிஞ்சியது எனச் சிலர் குறை கூறினராம். மெய்யான ஆவணமே நடிப்பினும் நம்பமுடியாததாகிவிட்ட இச்சம்பவம், ஆவண நாடகத்தின் இயல்பை விளக்கப் போதுமானது. நாடகத்தின் மிகச் சிறந்த பகுதிகள் மக்கார்தியோடு மோதுமிடங்களிலன்றி, பணத்தோடு மோதுமிடங்களிலேயே உள்ளன. விளம்பரதாரரான அலுமினியக் கம்பனியின் நிழல், நிறுவனத் தலைவர் வில்லியம் பேலியின் மரியாதை குன்றாத அழுத்தம், வினாவிடைப் போட்டிகளுக்கு ஈடுகொடுக்க முடியாது செய்தி நிகழ்ச்சி ஓரங்கட்டப்படுதல் ஆகியன அங்கே உள்ளன. வரலாற்றிலும் அவ்வாறே நடந்தது. 1955இல் ‘சீ இற் நவ்’ தனது வாராந்த இடத்தை இழந்து, 1958இல் நின்றுபோயிற்று. பொதுமக்கள் எதைக் கேட்கலாம் என்பதைப் பணம் எவ்வாறு தீர்மானிக்கின்றது என்பதே நாடகத்தின் உள்ளார்ந்த பொருள் எனலாம்.

அப்பொருளை 300 டொலர் கொடுத்தவர் முன் வைக்கும்போது நிகழ்வதென்ன? நாடகம் தன் பார்வையாளருக்கு ஒரு பாத்திரத்தை அளிக்கின்றது. 1954இல் வீட்டிலிருந்து மரோவின் முகத்தைப் பார்த்த அந்தப் பெருந்தொகையினரின் இடத்தில் அவர்கள் இருத்தப்படுகின்றனர். ஆனால் அந்த இடத்தை நிரப்பத்தக்க கலப்பு அரங்கில் இல்லை. மக்கார்தியைப் போன்ற அரசியல்வாதியை இன்று ஆதரிப்பவர், அவரை வெறுப்பவர்கள் நிறைந்த மண்டபத்தில் அமர்வதற்காக அத்தொகையைக் கொடுக்கமாட்டார். எதையும் தீர்மானிக்காதவருக்கோ வேறு செலவுகள் உண்டு. எஞ்சியோர் ஏற்கெனவே உடன்பட்டவர்கள். மரோவின் வாக்கியங்கள் அவர்களிடம் செய்தியாகச் சென்றடையவில்லை. தமது கருத்துக்குக் கிடைத்த சான்றிதழாகவே சென்றடைந்தன. 1954இல் வாதமாயிருந்தது 2025இல் வழிபாடாகிவிட்டது. எழுத்துப் பிரதியில் ஓரெழுத்தும் மாறாமலே நேர்ந்த மாற்றம் இது. மரோவுக்குப் பிந்திய தசாப்தங்களின் தொலைக்காட்சிக் காட்சிகளை விரைவாகத் தொகுத்துக் காட்டும் நாடகத்தின் முடிவும் இம்மயக்கத்தைக் கலைப்பதற்குப் பதிலாக வளர்த்தது. பார்த்தவர், தாம் அச்சீரழிவின் பங்காளர் என்பதினும் அதன் சாட்சிகள் என்றே உணர்ந்து வெளியேற முடிந்தது.

வேறு வகையான ஆவண நாடகமும் அதே நகரில் இருந்ததுண்டு. பொருளாதார மந்தத்தால் வேலையிழந்த நாடகக் கலைஞருக்குத் தொழில் கொடுக்கும் பொருட்டு 1935இல் அமெரிக்க அரசு நாடகத் திட்டமொன்றைத் தொடங்கி, ஹலி பிளனகன் என்ற பேராசிரியையை அதன் தலைவராக்கியது. அத்திட்டத்தின் ஒரு கிளை ‘வாழும் செய்தித்தாள்’ என்ற பெயரில், பத்திரிகைச் செய்திகளையும் அரசாங்க அறிக்கைகளையும் நாடகமாக்கியது. விவசாயம், மின்சாரம், வீட்டு வசதி என்பனவே பொருள்கள். பிரதியில் வரும் கூற்றுகளுக்கு அடிக்குறிப்பில் ஆதாரம் காட்டப்பட்டது. செலவின் பெரும் பகுதி சம்பளமாகவே போயிற்று. திட்டத்தின் பல அளிக்கைகள் இலவசம். ஏனையவற்றுக்கு மலிவு விலையிற் சீட்டு விற்கப்பட்டது. நான்கு ஆண்டுகளில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தனர். அவர்களுட் பெருந்தொகையினர் அதற்கு முன் மேடை நாடகம் எதையும் கண்டிராதவர்.

1938 ஜனவரியில் நியூயோர்க்கில் மேடையேறிய, ஆதர் அறன்ற் எழுதிய ‘தேசத்தின் மூன்றிலொரு பங்கு’ இவ்வகையிற் சிறந்தது. நகரச் சேரிகளின் வீட்டுப் பிரச்சினையே அதன் கரு. மேடையில் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் குறுக்குவெட்டு நிற்க, தீ விபத்தோடு நாடகம் தொடங்கும். அதில் ஒரு காட்சியில் காணிச் சொந்தக்காரர் ஒருவர் புற்றரை போன்ற ஒரு விரிப்பைப் பரப்பி அதன்மேல் உட்காருவார். இடம் தேடி வருவோர் ஒவ்வொருவராகப் பணம் கொடுத்து அவ்விரிப்பிற் சிறு துண்டைப் பெறுவர். வருவோர் தொகை பெருகப் பெருக, விரிப்பு மட்டும் வளராது. ஈற்றில் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு, முன்னிலும் கூடிய வாடகை கொடுத்தவாறு அதன்மேல் ஒண்டிக்கொண்டிருப்பர். காணியின் விலை எவ்வாறு ஏறுகின்றது என்பதை இதனினும் எளிமையாக மேடையிற் காட்டிவிட முடியாது. ஆனால் அக்காட்சியின் கூர்மை அதன் உத்தியில் மாத்திரம் தங்கியிருக்கவில்லை. மலிவு விலைச் சீட்டோடு வந்தவர்களுட் பலர் அத்தகைய விரிப்பொன்றிலிருந்தே வந்து, காட்சி முடிந்ததும் அதற்கே திரும்பிச் சென்றனர். அவர்களுக்கு அது பிறர் துன்பத்தைப் பற்றிய அறிவூட்டலாக இருந்திராது.

இதனால் மலிவான சீட்டு உண்மையான நாடகத்தைத் தந்துவிடும் என முடிவு கட்டுவது தவறு. ‘வாழும் செய்தித்தாள்’ நாடகங்களின் ஒலிபெருக்கிக் குரல் சில இடங்களில் ஆசிரியரின் பிரம்பு போல் ஒலித்தது. அவை காட்டிய தீர்வுகள் பெரும்பாலும் றூஸ்வெல்ற் அரசாங்கத்தின் சட்டமூலங்களாகவே இருந்தன. அதனினும் முக்கியமானது, சீட்டுக்குப் பதிலாகப் பணம் கொடுத்த கைக்கு நாடகத்தை நிறுத்தும் ஆற்றலும் இருந்தமை. 1936இல், எதியோப்பியா மீதான இத்தாலியப் படையெடுப்பைப் பற்றிய முதலாவது ‘வாழும் செய்தித்தாள்’ பிறநாட்டுத் தலைவர்களை மேடையிற் காட்டலாகாது என்ற உத்தரவினால் வெளிவராமலே போயிற்று. அதனை எதிர்த்து நாடகாசிரியர் எல்மர் றைஸ் நியூயோர்க் கிளையின் தலைமைப் பொறுப்பைத் துறந்தார். 1938 டிசம்பரில் பிளனகன், மார்ட்டின் டைஸ் தலைமையிலான காங்கிரஸ் விசாரணைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டார். அவர் தமது கட்டுரையொன்றிற் குறிப்பிட்டிருந்த மார்லோ என்பவர் ஒரு கொமியூனிஸ்ட்டா என்று உறுப்பினரொருவர் அங்கே வினவினார். எலிசபெத் காலத்து நாடகாசிரியர் கிறிஸ்தோபர் மார்லோ 1593இலேயே இறந்தவர் என்பதைப் பிளனகன் விளக்க நேர்ந்தது. 1939 யூன் 30ஆந் திகதியோடு காங்கிரஸ் நிதியை நிறுத்தியது. நாடகத் திட்டமும் முடிந்தது. பதினைந்து ஆண்டுகளின் பின் மரோ எதிர்த்து நின்ற மக்கார்தியிசம் இந்த விசாரணை அறைகளிலேயே நடை பழகியது.

எனவே வின்ரர் கார்டன் அரங்கின் தயாரிப்பாளருக்கு ஒரு நியாயம் உண்டு. அவர்களது நாடகத்தை நிறுத்த எந்தக் குழுவுக்கும் வலிமை இருக்கவில்லை. அதன் பொருளும் காலங்கடந்ததன்று. நாடகம் முடிந்து நான்கு வாரம் நிறையுமுன், சனாதிபதி ட்றம்ப் தொடுத்த வழக்கைத் தீர்ப்பதற்காக 1 கோடி 60 இலட்சம் டொலர் செலுத்த சீ.பி.எஸ். நிறுவனத்தின் தாய்க் கம்பனியான பரமவுன்ற் இணங்கியது. மரோ பணியாற்றிய அதே சீ.பி.எஸ். தான். நாடகத்தின் நல்ல வாரங்கள் நான்கின் வசூலுக்கு இத்தொகை ஏறத்தாழச் சமன். ஆனால் பணத்தின் அதிகாரத்தை மேடையில் விசாரித்த நாடகம், தன்னைத் தாங்கிய பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ‘விரிப்பு’க் காட்சியை எழுதியவர் அதை விட்டுவைத்திருப்பாரா என்பது ஐயம். அரங்கிலிருந்தோரின் சீட்டு விலையையே அடிக்குறிப்போடு மேடையில் அறிவிக்கும் துணிவு அவ்வகை நாடகத்தின் வடிவத்திலேயே அடங்கியிருந்தது.

யூன் 7ஆந் திகதி இரவு, நாடகத்தின் இறுதிக்கு முந்திய காட்சியை சீ.என்.என். நேரடியாகத் தொலைக்காட்சியில் இலவசமாக ஒளிபரப்பியது. புரோட்வே நாடகமொன்று இவ்வாறு நேரடியாக ஒளிபரப்பப்படுவது மிக அரிது. விலையைக் குறைகூறியோருக்கு அது தக்க விடை எனப் பலர் மகிழ்ந்தனர். பகிர்ந்தளித்தல் என்ற அளவில் அம்மகிழ்ச்சி நியாயமானது. சின்னஞ்சிறு ஊரிலிருந்த மாணவர்கூட அன்று அந்நாடகத்தைக் காண முடிந்தது. ஆயினும் வீட்டிலிருந்தோர் கண்டது விசித்திரமான பொருள். மேடையில் மரோ கமராவை நோக்கிப் பேச, அவருடைய முகம் திரைகளிற் பெரிதாகத் தெரிவதே அரங்கிலிருந்தோருக்குப் புதுமையாயிருந்த உத்தி. தொலைக்காட்சியில் அது வெறும் தொலைக்காட்சியாகவே மீண்டது. அதனோடு சேர்ந்து மண்டபத்தின் கைதட்டலும் வந்தது. 1954இல் மரோ பேசி முடித்தபோது வீடுகளில் எவரும் பிறருடைய கைதட்டலைக் கேட்கவில்லை. என்ன நினைப்பது என்பதை ஒவ்வொருவரும் தாமே தீர்மானிக்கவேண்டியிருந்தது. இம்முறை அந்த மௌனம் வீடு வந்து சேரவில்லை.