உலகம் எனத் தொடங்கும் நூல்கள்

தமிழகத்தைவிட்டுத் தொலைவில் வாழும் அன்பர்கள் கூடும்போது, தாம் பயின்ற நூலின் முதலடியைச் சொல்லி மகிழ்வது இனிய வழக்கம். அவ்வாறு சொல்லுங்கால் ஓர் ஒற்றுமை புலப்படும். திருமுருகாற்றுப்படை, மணிமேகலை, கம்பராமாயணம், பெரியபுராணம் ஆகிய நான்கும் உலகினைச் சுட்டும் சொல்லாலேயே தொடங்குகின்றன. அஃது ஒரு மங்கலச்சொல். ஆதலின் இது வெறும் மரபே என்று அமைவார் உளர்.

அக்கருத்துப் பொருந்தாது. நக்கீரர் காட்டும் உலகம் கதிரவனைக் கண்டு மகிழ்வது. சாத்தனாரிடத்து அச்சொல் புகாரின் பெருமை பேச வருகிறது. கம்பரின் உலகம் இறைவனது அலகிலா விளையாட்டுக்கு உரியது. சேக்கிழாரின் உலகமோ அவனை உணர்ந்து ஓத மாட்டாதது. சொல் ஒன்று, நோக்கு நான்கு. தமிழ்த்தொடரில் வினை இறுதியில் நிற்பதால், பாட்டை முடித்தாலன்றி இவ்வேறுபாடு விளங்காது.

வெளிமாநிலத்தில் நம் பிள்ளைகள் பலர் தமிழெழுத்து அறியாமலே வளர்கின்றனர். அவர்களுக்கு இலக்கியம் செவிவழியே வருவது. முதலடியோடு நாம் நிறுத்தினால் அவர்கள் பெறுவது ஒற்றுமை மட்டுமே. ஒவ்வொரு புலவரின் தனிநெஞ்சம் அவர்களை எட்டாது. முதலடி வாயில். விருந்தினரை வாயிலிலேயே நிறுத்துதல் தமிழர் பண்பாகுமோ?