முதலாளியும் மந்திரி குமாரியும்

சேலம் பக்கத்தில் நாலு பேர் கூடி, ஆட்களை வைத்து வேலை வாங்குவது எப்படி என்று பேச ஆரம்பித்தால், ஐந்து நிமிஷத்தில் பேச்சு ஏற்காடு சாலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ அங்கேதான் இருந்தது. இன்று அதன் முகப்பு வளைவு மட்டும் சாலையோரத்தில் நிற்கிறது. அதைக் கடந்து போகும்போது, "டி. ஆர். சுந்தரம் மாதிரி ஒரு முதலாளி இனிமேல் பிறந்துதான் வர வேண்டும்" என்று யாராவது பெருமூச்சு விடுவார். பின்னாலேயே கதைகள் வரும்.

அந்தக் கதைகள் உங்களுக்கும் தெரிந்திருக்கும். 'சுலோசனா' படத்தில் இந்திரஜித்தாக நடிக்க வேண்டிய பெரிய நடிகர் குறித்த நேரத்துக்கு வந்து சேரவில்லையாம். முதலாளி தாமே வேஷம் கட்டிக்கொண்டு கேமராவுக்கு முன்னால் போய் நின்றுவிட்டாராம். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்தபோது கதாநாயகர் வருவதற்குத் தாமதமானதால், அவரைப் போன்ற ஒருவரை நிறுத்திப் பாக்கிக் காட்சியை முடித்துவிட்டாராம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். கேட்பவர்கள் எல்லோரும் ஒரே விதமாகத் தலையாட்டுவார்கள்: "கண்டிப்பு ஐயா, கண்டிப்பு! அது இருந்தால் எல்லாம் நடக்கும்."

நானும் வெகு காலம் தலையாட்டியவன்தான். சமீபத்தில் அந்த ஸ்டூடியோவின் பழைய படங்கள் சிலவற்றை மறுபடி போட்டுப் பார்த்தபோது ஒரு சந்தேகம் தோன்றிற்று. அந்த மனிதரைப் பற்றிச் சொல்லப்படும் கதைகள் ஒன்றைச் சொல்கின்றன; அந்த மனிதர் எடுத்த கதைகள் வேறொன்றைச் சொல்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

முதலில் அவர் சாதித்தது சாமான்யமான காரியமல்ல என்பதை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். சுந்தரம் 1907-ல் பிறந்தவர், திருச்செங்கோட்டுக்காரர். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போய் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்தவர். நூல் வியாபாரத்தோடு நின்றிருக்கலாம். படம் பிடிக்கப் புறப்பட்டார். 1937-ல் 'சதி அகல்யா' வந்தது. மறு வருஷமே மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' சேலத்திலிருந்து போயிற்று. 1940-ல் பி. யு. சின்னப்பா இரட்டை வேஷத்தில் நடித்த 'உத்தம புத்திரன்'. 1956-ல் தமிழின் முதல் முழு நீள வர்ணப் படமான 'அலிபாபா'. 1961-ல் மலையாளத்தின் முதல் வர்ணப் படமான 'கண்டம் பெச்ச கோட்டு'. அந்த ஸ்டூடியோ எடுத்த படங்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டும். கைத்தறிக்கும் மாம்பழத்துக்கும் பேர்போன ஓர் ஊரிலிருந்து இத்தனையும் நடந்தது என்றால், அது வெறும் பணத்தால் ஆகிற காரியமா? நிர்வாகம் வேண்டும்.

அந்த நிர்வாகத்தின் ரகசியம் என்ன? படத்துக்கு வேண்டியவை எல்லாம் ஒரே மதிலுக்குள் இருந்தன. தச்சர், தையற்காரர், விளக்குக்காரர், கதை இலாகா என்று எல்லோரும் அங்கேயே. நடிகர்கள் சென்னையை விட்டு வந்து சேலத்தில் தங்கியாக வேண்டும். இங்கே வந்துவிட்டால் வேறு ஜோலி இல்லை. ஹாலிவுட்டின் பெரிய கம்பெனிகள் அந்த நாளில் சம்பளத்துக்கு நடிகர்களை வைத்துக்கொண்டு படம் எடுத்த முறைக்கு ஏறக்குறைய இது நம் ஊர் உருவம். எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இங்கே வந்து படம் எடுக்க முடிந்ததற்கும் இந்த ஒழுங்கு உதவியிருக்க வேண்டும்.

இனி என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுத்தில் நாலு காசு பார்ப்பதற்கு முன்பு ஒரு ஜவ்வரிசி ஆலையில் இரண்டு வருஷம் கணக்கு எழுதினேன். பேர் வேண்டாம். குச்சிக்கிழங்கு வண்டி வண்டியாக வரும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தோல் சீவுவார்கள். அரைத்துப் பால் எடுத்துத் தொட்டியில் தெளிய வைத்து, மாவைச் சிமெண்டுக் களத்தில் வெயிலில் காயப்போடுவார்கள். எங்கள் மேஸ்திரிக்கு மாடர்ன் தியேட்டர்ஸ் கதைகள் மனப்பாடம். சனிக்கிழமை கூலி தாமதமாகி, பெண்கள் முணுமுணுத்தால் அந்தக் கதைகளை எடுத்து விடுவார். "எம்மாம் பெரிய நடிகரையே நிக்க வெச்ச ஊரு இது. நீங்க பேசறீங்க!"

ஒரு நாள் மத்தியானம். முதலாளி ஆத்தூருக்குப் போயிருந்தார். களம் நிறைய மாவு. கிழக்கே மேகம் திரண்டு வந்தது. தோல் சீவிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாள் எழுந்து என் ஜன்னலுக்கு வந்தாள்.

"ஏனுங்க கணக்குப்பிள்ளை, வானம் கருக்குதுங்க. படுதாவ இழுத்து மூடிரலாங்களா?"

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். மேஸ்திரி அவளைப் பார்த்தார்.

"மொதலாளி சொல்லாம மாவுல கைய வெச்சா யாரு பதில் சொல்றது? போயிக் கெழங்கச் சீவு."

அவள் போய் உட்கார்ந்தாள். தொலைபேசியில் முதலாளி அகப்படவில்லை. கால் மணி நேரத்தில் மழை கொட்டிற்று. நாற்பது பேர் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, களத்து மாவு வெள்ளை வெள்ளையாகச் சாக்கடைக்குப் போவதைப் பார்த்தோம். அந்த வாரம் எல்லோருடைய கூலியிலும் பிடித்தம் விழுந்தது. நோட்டில் அந்தப் பிடித்தத்தை எழுதியது என் கைதான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு இப்போது 'மந்திரி குமாரி'யைப் பாருங்கள். 1950-ல் வெளிவந்த படம். டங்கனும் சுந்தரமும் டைரக்ட் செய்தது, மு. கருணாநிதியின் வசனம். குண்டலகேசிக் கதையிலிருந்து முளைத்தது. எம். ஜி. ஆர். படத்தில் இருக்கிறார். இருந்தும் படத்தின் பேர் சேனாதிபதியின் பேரல்ல, மந்திரியின் மகள் பேர். ராஜகுருவின் மகன் பார்த்திபன் பகலில் பெரிய மனிதன், இரவில் கொள்ளைக்காரன். அவனை நம்பி மணந்த அமுதவல்லியை மலை உச்சிக்கு அழைத்துப் போகிறான், தள்ளிக் கொல்வதற்காக. அவள் அழவில்லை. கணவனை மூன்று முறை வலம் வர அனுமதி கேட்கிறாள். வலம் வருகிறவள் பின்னாலிருந்து அவனைத் தள்ளிவிடுகிறாள்.

அந்தக் காட்சிக்குக் கொட்டகைகள் ஆர்ப்பரித்ததில் வியப்பில்லை. அந்த உச்சியில் அவளுக்கு உத்தரவு கொடுக்க யாருமில்லை. அரசன் இல்லை, மந்திரியான தகப்பன் இல்லை, சேனாதிபதி இல்லை. கண்ணால் கண்டதை வைத்து அவளே தீர்மானிக்கிறாள், அவளே செய்கிறாள். நாடு பிழைக்கிறது.

இது தற்செயல் என்றால் 'அலிபாபா'வுக்கு வாருங்கள். அதிலே ஆபத்தை முதலில் மோப்பம் பிடிப்பவள் யார்? பானுமதி நடித்த மார்ஜியானா. வீட்டுத் தலைவன் வந்த விருந்தாளியை நம்பி உபசரித்துக்கொண்டிருக்கிறான். அடிமையாக வாழ்ந்த பெண் உண்மையைக் கண்டுகொண்டு வீட்டைக் காப்பாற்றுகிறாள். அரபுக் கதையிலேயே உள்ளதுதான். ஆனாலும் ஆயிரம் கதைகள் இருக்க இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்து, வர்ணமும் பூசி எடுத்தது இந்த ஸ்டூடியோ அல்லவா?

ஆகவே கேட்கிறேன். பயத்தினால்தான் வேலை நடக்கும் என்று நம்புகிற ஒருவர், சொல்லாமலே செய்கிறவர்களை இப்படிக் கொண்டாடிப் படம் எடுப்பாரா?

கண்டிப்பே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு நடிகர் அரை நாள் தாமதித்தால், விளக்குப் பிடிக்கிறவனும் தச்சனும் பின்பாட்டுக்காரனும் அரை நாள் சும்மா உட்கார வேண்டும். அவர்களுடைய நேரத்துக்கும் மதிப்பு உண்டு என்று ஒருவர் சொல்ல வேண்டும். மறுபடி அந்தப் பழங்கதைகளையே எண்ணிப் பாருங்கள். அவற்றில் அடி வாங்குகிறவர் யார்? கதாநாயகர், பிரபலஸ்தர். விளக்குக்காரப் பையனை முதலாளி நடுங்க வைத்தார் என்று ஒரு கதையை யாரும் ரசித்துச் சொல்லி நான் கேட்டதில்லை. சேலத்து ஜனங்கள் அந்தக் கதைகளை ரசிக்கும் காரணமே, சட்டம் மேலே இருக்கிறவனுக்கும் உண்டு என்பதுதான். முதலாளி தாமே வேஷம் கட்டிக்கொண்டார் என்பதிலும் அதே ருசி. எங்கள் மேஸ்திரி அந்தக் கதையின் தலையைக் கீழே திருப்பிவிட்டார். நடிகரின் மேல் விழுந்த கண்டிப்பை, தோல் சீவுகிறவள் மேல் போட்டார். கூலி தேதியைப் பற்றிக் கதையில் வராததால் அதைப் பற்றி அவரும் பேசவில்லை.

ஸ்டூடியோவிடமும் ஒரு குறை காண்கிறேன். அங்கே எழுத்துக்காரர்களுக்கு இடம் இருந்தது. 'பொன்முடி' பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்த'த்திலிருந்து வந்தது. கண்ணதாசன் அங்கே கதை இலாகாவில் வேலை பார்த்தார். சொல்லை அவர்களிடம் விட்டு, காலத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்ட சமயங்களில் அங்கிருந்து நல்ல படங்கள் வந்தன. திருச்செங்கோட்டுத் தறிக்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம்: பாவு விறைப்பாக இருக்க வேண்டும், ஊடை தாராளமாக ஓட வேண்டும், இரண்டையும் இழுத்துக் கட்டினால் துணி வராது. ஆனால் அந்த விறைப்பு ஒரே மனிதருடைய கண்ணில் இருந்தது. 1963-ல் சுந்தரம் காலமானார். பிறகும் படங்கள் வந்தன. ஜெய்சங்கரின் துப்பறியும் படங்களைச் சின்ன வயதில் நான் விசில் அடித்துப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நட்சத்திரங்கள் ஒரே நாளில் இரண்டு மூன்று படங்களுக்குச் சென்னையிலே கால்ஷீட் கொடுக்கிற காலம் வந்துவிட்டது. சேலத்தில் வந்து தங்க யாருக்கு நேரம்? 1982-ல் கதவு மூடிற்று. காலம் மாறியதற்கு அவர் பொறுப்பல்ல. ஆனாலும் தம்மைப்போல இன்னும் நாலு பேரை அவர் உண்டாக்கிவிட்டுப் போயிருந்தால், அந்த மாறுதலை எதிர்கொள்ள யாராவது ஒரு வழி கண்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்று சங்ககிரி லாரிப் பட்டறையானாலும் நாமக்கல் கோழிப் பண்ணையானாலும் கம்ப்யூட்டர் கம்பெனியானாலும் தலைவன் ஆவது எப்படி என்று பாடம் நடத்துகிறார்கள். நடத்தட்டும். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். தலைவன் ஊரில் இல்லாத மத்தியானத்தில், மழை வருமுன் படுதாவை இழுக்க உங்களிடம் ஆள் உண்டா? இழுத்தால் அவளுக்குப் பாராட்டா, பிடித்தமா?

எங்கள் ஆலையில் மந்திரி குமாரி இல்லாமல் போகவில்லை. என் ஜன்னலுக்கு வந்து கேட்டாள். மேஸ்திரி அவளைப் போய் உட்காரச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.