அயல்நாட்டுத் தத்துப்பிள்ளைகளின் நூல்களும் மொழிபெயர்ப்பும்

நாடுவிட்டு நாடு தத்துச் சென்றோரின் வாழ்வை உள்ளவாறு காட்டும் நூல்கள் எவை? வளர்ப்புப் பெற்றோர் எழுதியவை பெற்றோரின் அனுபவத்தையே கூறும். பிள்ளைகள் வளர்ந்தபின் எழுதியவற்றையே நாடுதல் வேண்டும். ஆனால் அவை ஈன்ற தாயின் மொழியில் அமைவதில்லை.

தென்கொரியாவில் பிறந்து அமெரிக்காவின் மின்னசோட்டாவில் வளர்ந்த ஜேன் ஜியோங் டிரெங்கா 2003இல் வெளியிட்ட தன்வரலாற்றின் பெயரை ‘உதிரத்தின் மொழி’ எனத் தமிழாக்கலாம். நூலோ ஆங்கிலத்தில் உள்ளது. இழந்த மொழி முற்றும் அழிகிறதா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த முடிவில்லை. 3 முதல் 8 அகவைக்குள் பிரான்சுக்குத் தத்துச் சென்ற கொரியர் எண்மரிடம் பாலியே குழுவினர் நடத்திய ஆய்வு (2003) கொரிய மொழியின் எச்சம் எதையும் காணவில்லை. நெதர்லாந்தில் வளர்ந்தோர் பயிற்சிக்குப்பின் கொரிய ஒலிகளைப் பிறரினும் நன்கு ஒலித்தனர் என்று சோய் குழுவினர் 2017இல் காட்டினர்.

மொழிபெயர்ப்பாளருக்கு மிகுந்த சிக்கல் தருவது டேனிஷ் மொழியில் மாயா லீ லாங்வாட் எழுதிய ‘அவள் சினம் கொண்டிருக்கிறாள்’ (2014) என்னும் நூல். தலைப்புத் தொடரே வாக்கியந்தோறும் முதலில் வருகிறது. சினத்தின் காரணம் பின்னால் வருகிறது. தத்து முகமை, ஈன்ற தாய், தோழியர், ஈற்றில் தன் சினமே எனக் காரணங்கள் ஒன்றோடொன்று முரணுகின்றன. டேனிஷில் அம்முரணே வாக்கியத்தின் இறுதி அழுத்தத்தைப் பெறுகிறது. தமிழில் வினைமுற்று ஈற்றில் நிற்பதால் முன்வந்த காரணம் அதன் நிழலில் மறைகிறது. ‘அவள் சினப்பது இதற்காக’ என அமைத்து வரிசையைக் காக்கலாமே எனின், அவ்வமைப்பு ‘பிறிதொன்றற்கன்று’ என்னும் பொருளையும் ஏற்றிவிடும்; ஒவ்வொரு வாக்கியமும் முந்தையதை மறுப்பதாகும். லாங்வாட் எதையும் மறுக்கவில்லை, எல்லாவற்றையும் ஒருசேர வைக்கிறார். எனவே சினத்தை ஈற்றிலேயே விட்டுக் காரணத் தொடரைச் சுருக்குவதே தக்கது என்பது என் கருத்து. 2022இல் வெளிவந்த கொரிய மொழிபெயர்ப்புக்கும் இச்சிக்கல் உண்டு. கொரியமும் வினையை இறுதியில் வைக்கும் மொழியே. அவர் இழந்த மொழியின் தொடரமைப்பு தமிழுக்கு அணிமையது என்பது வியப்பிற்குரியது.

சொல்தேர்விலும் பிழை நேரலாம். பெற்றோர் உயிருடன் இருந்த பிள்ளைகள் பலர் ஆவணங்களில் பெற்றோரற்றவராகப் பதிவு செய்யப்பட்டனர் என்பதைத் தென்கொரியாவின் உண்மை கண்டறியும் ஆணையம் 2025 மார்ச்சில் உறுதிப்படுத்தியது. அப்பதிவை ஆசிரியர் எடுத்துக்காட்டும் இடத்தில் ‘அனாதையாக இருந்தேன்’ எனத் தன் கூற்றாக மொழிபெயர்த்தல் அப்பொய்யை மீண்டும் எழுதுவதாகும். ‘அனாதை எனப் பதியப்பட்டேன்’ என்பதே பொருந்தும்.