சினிமாவுக்கு வெளியே எவ்வளவு தூரம்

திரைப்படத்துக்காக எழுதப்படாத பாட்டெல்லாம் சுயாதீன இசை ஆகிவிடாது. படமே இல்லாமலும் படப்பாட்டு போடலாம். யூடியூபில் இன்று சுயாதீனம் என்ற பெயரில் வருவதில் பெரும்பகுதி அந்த ரகம்தான். எனவே ஒரு பாட்டு எங்கே வெளியானது என்பதை விட்டுவிட்டு மூன்று கேள்விகளைக் கேட்கலாம். சொல்லுக்கும் தாளத்துக்கும் இடையே அது கண்ட உறவு என்ன? தனிப்பாட்டைத் தாண்டி ஒரு தொகுப்பாக நிற்கிறதா? பாடியவருக்கு அந்தப் பாட்டின் மீது உரிமை இருக்கிறதா? மலேசிய ராப் கலைஞர்களான யோகி பி-யும் நட்சத்ராவும் 2006-இல் ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்ட காலத்தில் முயற்சிக்கே மதிப்பெண் போட்டிருக்கலாம். இன்றும் அதே சலுகையைக் கொடுத்தால் அது கலைஞர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

முதல் கேள்விக்கு இதுவரை கிடைத்த சிறந்த விடை, ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் 2019-இல் சேர்ந்து தந்த ‘தெருக்குறள்’ தொகுப்பு. ஆங்கில ராப் அடியின் முடிவில் ஒலியைப் பூட்டுவது. நம் யாப்பில் அது இயைபு. எதுகை, மோனைக்கு அடுத்த இடத்தில்தான் அது நிற்கிறது. தமிழ்ச் செவி பழகியிருப்பது அடியின் தலையில் வரும் ஒலிக்கு. அறிவு இரண்டு முனையையும் ஒரே அடியில் கட்டுகிறார். குறில் நெடிலைத் தாளத்துக்காக அவர் பெரும்பாலும் வளைப்பதில்லை; நெடில் விழும் இடத்தில் அடியும் விழுகிறது, ஒற்று வரும் இடத்தில் மூச்சு ஒரு நொடி நிற்கிறது. எவ்வளவு வேகமாகப் போனாலும் சொல் சிதையாமல் வந்து சேர்வது இந்த ஒழுங்கினால்தான்.

மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் அரையர் சேவை கேட்டவர்களுக்கு இதன் அருமை புரியும். அங்கே கையில் உள்ள தாளம் பாசுரத்துக்கு இடம்விட்டுத்தான் ஒலிக்கும், சொல்லே முதன்மை. அங்கே பாடும் உரிமை பரம்பரை வழியில் வருவது. அறிவினுடையதோ அந்தப் பரம்பரை உரிமைகளையே கேள்வி கேட்கும் குரல். நிலைப்பாட்டில் இரண்டும் எதிரெதிர். சொல்லைத் தாளத்துக்குப் பலிகொடுக்காத முறையில் இரண்டும் ஒன்று.

இரண்டாவது கேள்விக்கு வந்தால், ‘தெருக்குறள்’ தொகுப்பின் குறை அதே சொல்லடர்த்தியிலிருந்துதான் பிறக்கிறது. ஒவ்வொரு அடியும் முழக்கமாக முடியப் பார்க்கிறது. ‘ஆன்டி இந்தியன்’ பாட்டு முழக்கத்தோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது; கைதட்டலுக்குப் பிறகு அதில் தேட அதிகம் இல்லை. ‘கள்ளமௌனி’ குற்றச்சாட்டைக் கேட்பவர் பக்கமே திருப்புகிறது. அதனால் மறுமுறை கேட்கும்போதும் அது கூர் மழுங்குவதில்லை. ஆஃப்ரோவின் சிக்கனமான பின்னணி சொல்லுக்கு வழிவிடுவது நல்லது. அடுத்தடுத்த பாட்டுகளில் ஒரே கனத்தில் வருவது அவ்வளவு நல்லதல்ல.

திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் முன்முயற்சியில், டென்மாவின் இசைப் பொறுப்பில் உருவான ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியது. கானா, ராப், ராக் மூன்றையும் கலந்தது என்று மட்டும் சொன்னால் அந்தக் குழுவின் சாதனை விளங்காது. கலவையில் யாரும் யாருக்கும் ஊறுகாயாக இல்லை, அதுதான் சாதனை. இசைவாணியின் கானாக் குரலை யாரும் மெருகேற்றித் திருத்தவில்லை. பறையும் சட்டியும் கிட்டாருக்கு அலங்காரமாக நிற்கவில்லை. இட ஒதுக்கீட்டைப் பாட்டுப்பொருளாக்கிய ‘கோட்டா சாங்’ போன்ற முயற்சி தமிழ் மேடைக்குப் புதிது.

ஆனால் இது நிகழ்வில் பெரிதாகவும் பதிவில் சிறிதாகவும் தெரியும் குழு. ஒலிப்பதிவில் சட்டியின் கரகரப்பு கீழே போய், டிரம்ஸின் சுத்தமான அடி மேலே வருகிறது. மேடையில் இருந்த சமத்துவம் மிக்ஸிங்கில் குலைகிறது. கருத்தில் ஒருமை உண்டு. ஒலியில் ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் வளர்ச்சி போதாது.

இனி ‘என்ஜாய் எஞ்சாமி’. 2021 மார்ச்சில் ‘மாஜா’ நிறுவனம் வெளியிட்ட இந்தப் பாட்டு அறிவின் வரிகள், பாடகி தீயும் அறிவும் தந்த குரல்கள், சந்தோஷ் நாராயணன் இசை எனச் சேர்ந்து உருவானது. சந்தோஷ் எங்கள் திருச்சிக்காரர், பொறியியலும் இங்கேதான் படித்தார். ஊர்ப்பெருமை தீர்ப்பில் கலந்துவிடக் கூடாது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாட்டின் வலிமை அதன் முரணில் இருக்கிறது. தாளம் ஆடச் சொல்கிறது. மெட்டில் ஒப்பாரியின் சாயல். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய, அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் தலைமுறை, நட்ட மரத்தின் பயனைத் தான் அனுபவிக்காத தலைமுறை. அந்த இழப்பைச் சொல்லும் பகுதியைத் தீ விம்மல் இல்லாமல், ஏறக்குறைய உணர்ச்சி காட்டாத குரலில் பாடுகிறார். திரையிசைப் பாடகர் பலர் இங்கே ஒரு கமகத்தையாவது கண்ணீருக்காகச் செலவழித்திருப்பார்கள். அழுகையை நடிக்காததால் துயரம் கேட்பவரிடம் தங்குகிறது.

வடிவம் அந்த அளவுக்குத் துணியவில்லை. அறிவின் வரிகள் கதையாக விரியத் தொடங்கும்போதெல்லாம் பல்லவி வந்து மூடிவிடுகிறது. சில தாளவட்டத்துக்கு ஒருமுறை புது ஒலி. காட்சி மாற்றத்துக்கு ஈடுகொடுத்துப் பழகிய திரையிசைக் கையின் பதற்றம் அது. பொருள் சினிமாவை விட்டு வெளியேறிவிட்டது. கட்டுமானம் வாசற்படியிலேயே நிற்கிறது. 2024-இல் அறிவு வெளியிட்ட ‘வள்ளியம்மா பேராண்டி’ தொகுப்பு அதே பாட்டியிடம் திரும்பி, இந்த முறை வேண்டிய இடம் எடுத்துக்கொள்கிறது. அதில் விரிவு கிடைத்தது, தேர்வின் கண்டிப்பு தளர்ந்தது. ஒன்றில் இறுக்கம் அதிகம், மற்றதில் குறைவு. இரண்டின் நடுவே எழுத வேண்டிய பாட்டு இன்னும் வரவில்லை.

மூன்றாவது கேள்வியில்தான் எல்லோருக்கும் மதிப்பெண் குறைகிறது. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் தீயும் ராப் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். 2022-இல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்டுக்காகச் சென்னையில் நடந்த தொடக்க விழாவில் ‘என்ஜாய் எஞ்சாமி’ ஒலித்தது, அறிவு மேடையில் இல்லை. உருவாக்கத்தில் தன் பங்கு பற்றி அவர் எழுத, சந்தோஷ் தன் பக்கத்தை எழுத, வாதம் நீண்டது. 2024 மார்ச்சில் சந்தோஷ், இந்தப் பாட்டின் மூலம் தங்கள் மூவருக்கும் ஒரு ரூபாய்கூட வருமானம் வரவில்லை என்று அறிவித்தார். சுயாதீனக் கலைஞர்களுக்குத் துணை நிற்பதாகச் சொல்லி வந்த ‘மாஜா’வின் கீழ் இது நடந்தது. யார் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்க்க வேண்டியதில்லை. பங்கும் பெயரும் முன்கூட்டியே எழுத்தில் இல்லாத வெளியீட்டைச் சுயாதீனம் என்று அழைப்பது தவறு. அதைத் தீர்த்துச் சொல்லலாம்.

திரை வடிவத்தை விடாததற்கு இன்னொரு சான்று, இசையமைப்பாளர் சாய் அபயங்கரின் ‘கட்சி சேர’, ‘ஆச கூட’ பாட்டுகள். இரண்டும் 2024-இல் வந்தவை. மெட்டில் உயிர் இருக்கிறது, ஒலிக்கோவையில் இளைஞர் ஒருவருக்கு அரிதான தேர்ச்சி இருக்கிறது. ஆயினும் அமைப்பு முழுக்க டூயட்டின் அமைப்பு. பாட்டைச் சுற்றி இல்லாத ஒரு படத்தை நாமே கற்பனை செய்துகொள்கிறோம். அடுத்த ஆண்டே ‘டியூட்’ படத்தின் வழியாக அவர் தமிழ்த் திரைக்குப் போனது சறுக்கலும் அல்ல, துரோகமும் அல்ல. அந்தப் பாட்டுகள் தொடக்கத்திலிருந்தே அறிமுக அட்டைகள்.

இந்தத் தடுமாற்றத்துக்குக் கலைஞரை மட்டும் குறை சொன்னால் விமர்சனம் பாதியில் நின்றுவிடும். கலைஞர் வளரும் சூழலையும் பார்க்க வேண்டும். ஸ்வீடன், நார்வே நாடுகளின் நிலத்தடி இசை என்றால் நமக்குக் கலகம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஸ்வீடனில் நகராட்சி இசைப் பள்ளிகள் பிள்ளைகளுக்குக் கருவி கற்றுத் தருகின்றன. பொது நிதி பெறும் கல்விச் சங்கங்கள் பெயர் தெரியாத குழுக்களுக்கும் ஒத்திகை அறை கொடுக்கின்றன. தேறாத பாட்டைப் போட்டுத் தோற்க ஓர் இடம் இருப்பதால்தான் தேறிய பாட்டு தனக்கென ஒரு வடிவத்தோடு வெளிவருகிறது.

இங்கே திருச்சியிலும் பயிற்சிக்குப் பஞ்சமில்லை. 1939 முதல் வானொலி நிலையம் இருக்கிறது. ரசிக ரஞ்சன சபா இருக்கிறது. 1977-இல் தொடங்கிய கலைக் காவிரி என்ற நுண்கலை நிறுவனம் இருக்கிறது. இந்த மூன்றும் தேர்ந்த மரபைத் தேர்ந்த செவிகளுக்குக் கொண்டுபோகும் அமைப்புகள். அதை நன்றாகவே செய்தன. புதிதாக எழுதப்பட்ட, இன்னும் தேறாத பாட்டுக்கு இங்கே கிடைப்பது பெரும்பாலும் கல்லூரி விழா மேடை. துவாக்குடி என்ஐடியின் ‘ஃபெஸ்டெம்பர்’ போன்ற விழாவில் கூட்டம் உண்டு, உற்சாகம் உண்டு. ஆனால் மாணவன் தெரிந்த பாட்டைப் பாடினால்தான் அரங்கு எழும்புகிறது. சென்னையின் ‘மார்கழியில் மக்களிசை’ விழா 2021-இல் மதுரைக்கும் கோவைக்கும் போனது சரியான திசை. ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் வந்து போகும் மேடை ஒரு ஊரில் இசையை வளர்த்துவிடாது.

கூட்டிக் கழித்தால், தமிழ்ச் சுயாதீன இசை சொல்லில் வென்றிருக்கிறது. திரைப்பாட்டு தொடத் தயங்கிய பொருளை, தொடத் தெரியாத யாப்பு நுட்பத்தோடு அது தொட்டிருக்கிறது. ‘தெருக்குறள்’ ஒன்றே இதற்குப் போதிய சான்று. வடிவில் அது பாதி வழியில் நிற்கிறது. பல்லவியைக் கைவிடும் துணிவு வந்தால் மீதி வழியும் திறக்கும். உரிமையில் தோற்றிருக்கிறது, இது திறமையால் ஈடுகட்டக்கூடிய தோல்வி அல்ல, ஒப்பந்தத்தால் மட்டுமே சரியாகக் கூடியது. அடுத்து வரும் தொகுப்பை எத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள் என்பதை வைத்து யாரும் மதிப்பிட வேண்டாம். இரண்டாம் முறை கேட்கும்போது அதில் புதிதாக என்ன கிடைக்கிறது, அந்த வருமானம் யார் கைக்குப் போகிறது என்ற இரண்டை வைத்து மதிப்பிட்டால் போதும்.