நிக்கொல் கண்ட காடும் நாவுலப் பெருவழியும்

ஓவியத்தில் உவந்த காட்சியை நிலத்தில் நேரிற் காண விழைதல் கலைச்சுவைஞர்க்கு இயல்பு. கொன்ஸ்டபிள் தீட்டிய ஆற்றங்கரையைத் தேடி இங்கிலாந்தின் சஃபொல்க் பகுதிக்கும், செசான் பன்முறை தீட்டிய மலையைத் தேடித் தென்பிரான்சுக்கும் செல்வோர் பலர். அவர்கள் பெரும்பாலும் ஒப்புமையையே நாடுவர். மரமும் மலையும் பொருந்தக் கண்டு மனநிறைவெய்துவர். ஆயின் ஓவியன் எதனை ஏற்றான், எதனை விடுத்தான் என்று தெளிதலே அத்தகைய செலவின் மெய்ப்பயன். இலங்கையில் இதற்குச் சான்றாவன, அன்ட்ரூ நிக்கொல் என்னும் ஓவியர் விரும்பிய வடபுலக் காடுகளும், மாத்தளையிலிருந்து நாலந்தா, நாவுல, தம்புள்ளை வழியாக அக்காடுகளை நோக்கிச் செல்லும் பெருவழியும் ஆகும்.

நிக்கொல் 1804இல் பெல்பாஸ்ட் நகரிற் பிறந்தவர். அச்சகத்திற் தொழில் பயின்று பின் நீர்வண்ண ஓவியரானவர். அயர்லாந்துக் கடற்கரைகளை வரைகையில் காட்டுப் பூக்களை முன்னே நிறுத்தி, அவற்றின் தண்டுகளினூடே தொலைவிலுள்ள ஊரையும் கடலையும் காட்டுதல் அவரது தனிமுறை. தாளிற் படிந்த வண்ணத்தைச் சுரண்டி, வெண்மையை வெளிப்படுத்தி, இதழுக்கும் புல்லுக்கும் ஒளியூட்டுவார். 1846இல் இலங்கைக்கு வந்து, பிற்காலத்தில் றோயல் கல்லூரியாகிய கொழும்பு அக்கடமியில் ஓவியம் கற்பித்தார். அவரை ஆதரித்தவர் குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். 1859இல் வெளிவந்த டெனன்டின் இலங்கை நூலில் நிக்கொலின் சித்திரங்கள் இடம்பெற்றன. 1848இல் ஐந்து வாரம் காடுகளிடையே வரைந்து திரிந்த அனுபவத்தை அவர் 1852இல் டப்ளின் இதழொன்றிற் கட்டுரையாக வெளியிட்டார்.

நாவுலப் பக்கம் இன்று செல்வோர் அவ்வோவியரைக் கவர்ந்த இயல்புகளை எளிதில் உணர்வர். ஈரமலைநாடு தாழ்ந்து வறள்சமவெளியோடு கலக்கும் இடம் அது. பசுமையின் பின்னே நீலக்குன்றுகள் நிற்கின்றன; ஒளி இலைகளினூடே வடிந்து வருகின்றது. எனினும் நிலமும் நிலைத்திருப்பதன்று. பல்லவர் கட்டடக்கலையை நினைவூட்டும் பௌத்தக் கற்றளியாகிய நாலந்தா கெடிகே, போவதென்ன நீர்த்தேக்கம் எழுந்தபோது, கல் கல்லாகக் கழற்றப்பட்டு மேட்டில் மீண்டும் அமைக்கப்பட்டது. பழைய இடம் இன்று நீர்க்கீழ் உள்ளது. இத்தகைய நிலத்தில் ஒப்புமை தேடுவோர் ஓரளவே வெற்றி பெறுவர்.

விடுபட்டவற்றைத் தேடுவோர்க்கோ பெரும்பொருள் கிட்டும். நிக்கொலின் கட்டுரைத் தலைப்பே அவர் நாட்டத்தைக் காட்டுகின்றது. காடு, சிதைந்த கோயில், பெருஞ்சிலை, குளம், தாகபை என்பன அதில் நிரல்பட நிற்கின்றன, மாந்தர் இல்லை. அவ்வாண்டு யூலையிலேதான், புதிய வரிகளை எதிர்த்து மாத்தளைப் பகுதி மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் அரசனாக முடிசூட்டப்பட்டான். ஆகஸ்ட் 8ஆந் திகதி புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான்.

இவ்வழிக்கு வேறொரு வரலாறும் உண்டு. மன்னார்க் கரையில் இறங்கிய தமிழகத் தொழிலாளர், கங்காணிமார் பின்னே, மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை நோக்கி நூறு மைலுக்கு மேல் நடந்த பாதை இதுவே. காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டோர் மிகப் பலர். வடக்கே செல்லும் ஓவியரும் தெற்கே செல்லும் கூலியாளரும் ஒரே மரநிழலைக் கடந்தனர். ஒருவர்க்கு அது காட்சி. மற்றவர்க்கு அது உயிர்ப்போராட்டம்.

தமிழிலக்கணம் இவ்வேறுபாட்டை விளக்கவல்லது. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் விலங்கும் நீரும் கருப்பொருள். மக்கள் ஒழுக்கமே உரிப்பொருள். மூன்றனுள்ளும் சிறந்தது உரிப்பொருளே என்பர் உரையாசிரியர். நிக்கொலின் நாட்டம் முதலிலும் கருவிலுமே செறிந்தது. பாலைக்குத் தொல்காப்பியர் தனிநிலம் வகுத்திலர். பிரிதலே அதன் ஒழுக்கம். ஆதலின் மழை பொழிந்து தழைத்த நாவுலக் காடும், ஊரும் உறவும் பிரிந்து நடந்தோர்க்குப் பாலையே ஆயிற்று. அப்பாலையை வரைந்து வைத்தார் எவருமிலர்.

இது நிக்கொலின் கைத்திறனைக் குறைத்துரைப்பதன்று. எழில்மிகு சிதைவுகளை நாடிய அக்கால மேனாட்டுச் சுவை அவர் கண்ணைப் பயிற்றியது. தாம் நாடியதை அவர் நேர்மையுடன் வரைந்தார். அவர் விட்டுச்சென்ற தாள்கள் இன்றேல், அக்காலக் காடு எத்தன்மையது என்பதை அறிதல் அரிதாயிருக்கும். ஆயினும், அவர் ஓவியத்தைச் சுவைத்து இப்பெருவழியிற் செல்லும் மாணவர், ஓவியத்தை ஒரு கையிலும் வரலாற்றை மறு கையிலும் கொண்டு செல்லுதல் வேண்டும். முன்னிலைப் பூக்களினூடே தொலைவை நோக்கப் பயிற்றியவர் நிக்கொலே. அப்பயிற்சியைக் கொண்டே, அவர் காட்டிய காட்டினூடே அவர் காட்டாத மாந்தரையும் நோக்குதல் கூடும்.