கற்பித்தலும் பரப்புரையும்: வெளியுறவுக் கொள்கைக் கழகம் குறித்த ஒரு மதிப்பீடு

பொதுமக்களுக்கு உலக அரசியலைக் கற்பிக்கும் இலாப நோக்கற்ற அமைப்புகள் தம்மை நடுநிலையாளர் என்றே அறிமுகப்படுத்திக் கொள்கின்றன. நியூயார்க்கில் தோன்றிய வெளியுறவுக் கொள்கைக் கழகத்தின் வரலாறு இக்கூற்றைச் சோதித்துப் பார்க்க ஏற்ற சான்றாகும்.

1918இல் இக்கழகம் 'சுதந்திர நாடுகள் கூட்டமைப்புச் சங்கம்' என்னும் பெயரில் தோன்றியது. இதழாசிரியர் பால் கெல்லாக்கும் அவரைச் சார்ந்தோரும் அதிபர் வில்சனின் அமைதித் திட்டத்திற்கு ஆதரவு திரட்டவே ஒன்றுகூடினர். ஆகவே, தொடக்கத்தில் அது பரப்புரை அமைப்பேயாகும். 1919, 1920 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க செனட் வெர்சாய் உடன்படிக்கையை நிராகரித்தது. அதன் பின்னரே கழகத்தின் பெயரும் பணியும் மாறின. வாதில் அடைந்த தோல்வியே அதனைக் கல்வியின் பக்கம் திருப்பியது எனக் கருத இடமுண்டு.

இம்மாற்றம் வெறும் பெயரளவில் நின்றுவிடவில்லை. 1935இல் எளிய நடையிலான 'ஹெட்லைன்' நூல் வரிசை தொடங்கியது. ரஷ்யாவில் பிறந்த வேரா மிக்கெலஸ் டீன் 1938 முதல் ஆய்வுப் பிரிவை வழிநடத்தினார். 1954இல் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லந்தில் 'கிரேட் டிசிஷன்ஸ்' திட்டம் உருவாயிற்று. அண்டை அயலார் சிறு குழுக்களாகக் கூடி, ஒரே கையேட்டைப் படித்து விவாதித்து, தம் கருத்தை வாக்குச்சீட்டில் பதிவு செய்தனர். சொற்பொழிவைக் கேட்டுக் கலைந்தவர்களைச் சிந்தித்துப் பேசுவோராக மாற்றியதே இதன் தனிச்சிறப்பு எனலாம்.

எனினும், இத்திட்டத்தில் குறையில்லாமலில்லை. விடைகளை மக்களிடம் விட்டுவிட்ட கழகம், வினாக்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. எது 'பெருமுடிவு' எனத் தேர்ந்தெடுப்பதும் ஓர் அரசியல் செயலே. 1960இல் ஜார்ஜியா மாநிலத்து முன்னாள் படைவீரர் சங்கக் கிளை ஒன்று கழகத்தைத் தாக்கி நூல் வெளியிட்டது. அத்தாக்குதல் அக்காலத்துப் பொதுவுடைமை அச்சத்தில் விளைந்தது, ஏற்கத்தக்கதன்று. ஆயினும், தலைப்புகளைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்னும் வினா அதனோடு தள்ளிவிடத்தக்கதன்று.

1933 வரை கழகத்தின் தலைவராக விளங்கிய ஜேம்ஸ் மெக்டொனால்ட், பின்னர் ஜெர்மனி அகதிகளுக்கான சர்வதேச சங்க உயர் ஆணையரானார். யூதர்கள் துன்புறுத்தப்படுவதன் மூலகாரணத்தை உலகம் எதிர்கொள்ள வேண்டும் என வெளிப்படையாக எழுதி, 1935இல் பதவி விலகினார். அறிந்தவர் எல்லாக் காலத்தும் நடுநிலை காக்க இயலாது என்பதற்கு இது சான்று.

ஆசிரியர்க்கு இவ்வரலாறு உணர்த்துவது யாது? சார்பின்மையைப் பறைசாற்றுவதினும், தன் சார்பைத் தானே அறிந்து, வினா எழுப்பும் உரிமையையும் மாணவரோடு பகிர்ந்துகொள்வதே நேர்மையான கற்பித்தலாகும்.